மயக்கம் குடுக்கறப்ப கேமரா எதுக்குங்க?

கோபியில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். அம்மாவுக்கு பித்தப்பையில கல்லு, கோயமுத்தூர்ல ஆபரேஷன், எடை 128 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். மயக்க டாக்டர் பாத்துட்டு "வீடியோ வெச்சுத்தான் டியூப் போடோணும்"னு சொன்னாராம், கேமரா வரைக்கும் போகுதுன்னா ரிஸ்க் ஜாஸ்தியான்னு வீட்ல எல்லாருக்கும் பயம்.

கேமராவுக்குப் பயப்படாதீங்க, அந்த டாக்டர் அம்மாவை ஒழுங்கா பாத்திருக்கார்னுதான் அர்த்தம். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 50 வருது, அது ரொம்ப ஜாஸ்திங்க. முழு மயக்கத்துல மூச்சை மெஷின்தான் பாத்துக்கும், அதுக்கு வாய் வழியா மூச்சுக்குழாய்ல டியூப் போடோணும். நாக்கைத் தூக்கிப் புடிச்சு குரல்வளையைப் பாக்கற கருவிதான் லாரிஞ்சோஸ்கோப், சாதா லாரிஞ்சோஸ்கோப்ல டாக்டர் கண்ணுக்கு குரல்வளை நேர்கோட்டுல தெரியோணும், தொண்டைச் சதை பெருசா இருந்தா மறைச்சுக்கும். வீடியோ லாரிஞ்சோஸ்கோப்ல, வாய்க்குள்ள விடற தகட்டோட நுனிக்கிட்டயே கேமரா இருக்குது, வளைவுக்கு அக்கட்டால இருக்கறது ஸ்கிரீன்ல வந்துரும், பக்கத்துல நிக்கற நர்சும் பாத்து உதவலாம். இதுல டியூப் போட முடியாம போறது கம்மின்னு 2022ல வந்த காக்ரேன் (பல மருத்துவ ஆய்வுகளைச் சேத்துப் பாக்கற அமைப்பு) தொகுப்பாய்வும் சொல்லுது. ஆனா சில சமயம் ஸ்கிரீன்ல பளிச்சுனு தெரியும், டியூப் மட்டும் திரும்பாம முட்டிட்டு நிக்கும், அதுக்குத்தான் டியூப்புக்குள்ள வளைச்ச கம்பி ஒண்ணு விட்டுக்குவோம்.

என்னைக் கேட்டா கேமராவை விட படுக்க வெக்கறதுதான் முக்கியம். மட்டமா மல்லாக்க படுத்தா வயிறு மேல தள்ளி நுரையீரல்ல காத்து இருப்பு கொறஞ்சுரும், மூச்சு நின்னதும் ஊத்து இல்லாத கெணத்துல மோட்டார் போட்ட மாதிரி ஆக்சிஜன் மளமளன்னு எறங்கும், ஒல்லியானவங்களுக்கு ஏழெட்டு நிமிஷம் தாங்கறது இவங்களுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான். அதனால முதுகு, தோள், தலைக்கு அடியில போர்வையை அடுக்கி, காது ஓட்டையும் நெஞ்செலும்பு மேல்முனையும் ஒரே மட்டத்துக்கு வர்ற மாதிரி தூக்கி வெச்சு, மாஸ்க்ல ஆக்சிஜன் நல்லா குடுத்துட்டுத்தான் ஆரம்பிப்போம்.

நீங்க செய்ய வேண்டியது, குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி எந்திரிக்கறாங்களான்னு மறைக்காம சொல்லோணும், சிபாப் மெஷின் (தூக்கத்துல மூச்சு நிக்காம மாஸ்க்ல காத்து குடுக்கறது) இருந்தா கையோட கொண்டு போகோணும். ஆடற பல்லு, எடை கொறைக்க செமாகுளூடைட் ஊசி போடறது, எல்லாத்தையும் முன்னாடியே சொல்லீருங்க. "ஒரு வாய் காப்பிதானே"ன்னு காலையில குடுத்துராதீங்க, பால் கலந்தா சாப்பாடு மாதிரி 6 மணி நேரக் கணக்கு, வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும். செமாகுளூடைட் ஊசி போடறவங்களுக்கு இந்த நேரக் கணக்கு மாறலாம், டாக்டர் சொல்றபடி செய்யுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்தா பாக்க வர்ற சொந்தக்காரங்க "நல்லா படுக்கட்டும்"னு கட்டில் தலைமாட்டை எறக்கி விடுவாங்க, விடாதீங்க. தலைமாடு ஒசந்தே இருக்கட்டும், வலி ஊசிக்குப் பொறகு குறட்டை ஜாஸ்தியாகி நடுவுல நின்னா தட்டி எழுப்பி உடனே நர்சைக் கூப்புடுங்க.