பண்டிகையை வைத்து ஆங்கிலம்: 9, 10ஆம் வகுப்பு ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

பண்டிகை, விடுமுறை நாட்களை ஒட்டி வகுப்பில் என்ன செய்யலாம் என்று ஆங்கில ஆசிரியர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், தீபாவளி முடிந்ததும் "ஹவ் ஐ செலிபிரேட்டட் தீபாவளி" என்று கட்டுரை எழுதச் சொல்கிறேன். எல்லோரும் கைடில் இருப்பதையே எழுதி வருகிறார்கள். வேறு என்ன தரலாம்?

முதலில் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். வீட்டில் சாவு விழுந்த வருடம் பண்டிகை கிடையாது. துணி எடுக்க முடியாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் பொய்தான் எழுத வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கும் எழுதுவதற்குக் காரணம் இல்லை. எண்ணெய்க் குளியலும் பலகாரமும் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, யாருக்காக எழுதுவது?

தெரியாததைக் கேட்டு வாங்கும்படி ஒரு வேலை கொடுங்கள். நான் விரும்பிச் செய்வது கொல்லுக்குடிப்பட்டி. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அங்குள்ளவர்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதை எளிய ஆங்கிலத்தில் ஆறேழு வரியாகப் பலகையில் எழுதுங்கள். பாதிப் பேர் நிருபர்கள், மீதிப் பேர் ஊர்க்காரர்கள். ஒரு தாத்தா, வெடி கேட்டு அடம்பிடிக்கும் சிறுவன், தலைத் தீபாவளிக்கு வந்திருக்கும் வெளியூர் மாப்பிள்ளை என்று ஆளுக்கொரு வேடம். நிருபர் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அதைச் செய்தியாக எழுத வேண்டும்: "தி ஓல்ட் மேன் செட் தட் தி பேர்ட்ஸ் வேர் தேர் கெஸ்ட்ஸ்."

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சை நாம் பெரும்பாலும் வாக்கியம் மாற்றும் கணக்காகவே நடத்துகிறோம். இங்கே உண்மையிலேயே ஒருவர் சொன்னதை இன்னொருவர் போய்ச் சொல்கிறார். அந்த இலக்கணம் எதற்கு இருக்கிறது என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

பொங்கலை வைத்து பாசிவ் வாய்ஸ் நடத்தலாமா?

தாராளமாக. "ரைஸ் இஸ் வாஷ்டு, மில்க் இஸ் பாயில்டு" என்று செய்முறை முழுக்க பாசிவில்தான் வரும். ஆனால் முழுச் செய்முறையையும் நீங்களே எழுதிப் போட்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும். பத்து வரிகளைத் துண்டுச் சீட்டுகளாக்கி, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஆளுக்கு ஐந்து கொடுங்கள். சீட்டைக் காட்டாமல் வாசித்துச் சொல்லியே இருவரும் வரிசைப்படுத்த வேண்டும்.

அப்புறம், வீட்டுக்கு வீடு உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். மண்பானையா வெண்கலப் பானையா, வாசலிலா அடுப்படியிலா, முதலில் பாலா தண்ணீரா? இதில் பிள்ளைகள் தமிழிலேயே சண்டை போடுவார்கள். போடட்டும், எழுதும்போது ஆங்கிலம் வந்தால் போதும். பொங்கல் வைக்காத வீட்டுப் பிள்ளை நோன்புக் கஞ்சி காய்ச்சுவதையோ கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதையோ எழுதலாம். இலக்கணம் அதேதான்.

பத்தாம் வகுப்பு. பாடம் முடிக்கவே நேரமில்லை. இதற்கெல்லாம் பீரியட் எங்கே இருக்கிறது சார் என்று தலைமையாசிரியரே கேட்கிறார்.

தனி பீரியட் வேண்டாம். தேர்வில் வரும் கேள்வியையே பண்டிகையில் வையுங்கள். ரோடு மேப் கேள்விக்கு உங்கள் ஊர்த் தேரோட்டம் போதும். தேரடியில் புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வரும் வழியை, வெளியூரிலிருந்து வந்தவருக்குச் சொல்வது போல எழுதச் சொல்லுங்கள். வழி மனப்பாடமாக இருப்பதால் கவனம் முழுவதும் "டர்ன் லெஃப்ட்", "கோ ஸ்ட்ரெய்ட்" மேல்தான் இருக்கும். விளம்பரத்துக்கு ஆடித் தள்ளுபடி. கடிதத்துக்கு ஆகஸ்ட் 15 கிராம சபை. தெருவிளக்கோ குடிநீரோ, ஊரில் உண்மையாக உள்ள ஒரு குறையை ஊராட்சித் தலைவருக்கு எழுதட்டும்.

கிறிஸ்துமஸ் எப்போதும் அரையாண்டு விடுமுறையில் வந்துவிடுகிறது.

டிசம்பர் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். நட்சத்திரம் வெட்டி ஒட்டுவது ஆறாம் வகுப்புக்குச் சரி. ஒன்பதாம் வகுப்புக்கு 1914 கிறிஸ்துமஸைச் சொல்லுங்கள். முதல் உலகப்போரின் மேற்கு முனையில் சில இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள், பாடினார்கள், சிகரெட்டும் பொத்தானும் மாற்றிக்கொண்டார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் வெளிவந்தன. அந்த வீரர்களில் ஒருவராக அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும், முழுக்க இறந்தகாலத்தில். பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதை எவ்வளவு ஈடுபாட்டோடு எழுதுகிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.

நாற்பத்தைந்து பேரில் நான்கு பேர்தான் பேசுகிறார்கள்.

தகவல் உள்ள சீட்டைப் பேசாத பிள்ளையின் கையில் கொடுங்கள். அவர் வாசித்துச் சொன்னால்தான் குழுவின் வேலை நகரும் என்றிருக்கட்டும். பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள். கடைசியில் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும், யாருடையது என்று சொல்லாமல், பலகையில் எடுத்துச் சொன்னால் போதும்.

சிவகாசி பக்கம் வேலை பார்க்கிறேன். "பட்டாசைத் தடை செய்யலாமா" என்று பட்டிமன்றம் வைக்கச் சொல்கிறார்கள். பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். தயக்கமாக இருக்கிறது.

உங்கள் தயக்கம் நியாயமானது. பெற்றோரின் பிழைப்பைப் பிள்ளைகள் வகுப்பில் நின்று தாக்கவோ காக்கவோ வேண்டியதில்லை. விவாதத்தை நேரத்துக்கு மாற்றுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆனது. "எந்த இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் தோதாக இருக்கும்?" என்று கேளுங்கள். பட்டாசுத் தொழிலாளி, கடைக்காரர், ஆஸ்துமா உள்ள பாட்டி, நாய் வளர்ப்பவர், இரவுப் பணியிலிருக்கும் நர்ஸ் என ஐவர் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். "ஷுட்", "குட்", "ஐ அக்ரீ, பட்" எல்லாம் தானாக வரும்.

விடுமுறைக்கு என்ன வீட்டுப்பாடம் தரலாம்?

ஒன்றே ஒன்று. உங்கள் வயதில் இந்தப் பண்டிகை எப்படி இருந்தது என்று வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் தமிழில் கேட்டு, "யூஸ்டு டு" வைத்து ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். "ஷி யூஸ்டு டு வாக் டு தி நெக்ஸ்ட் வில்லேஜ்" என்பது போல. நோட்டை வாங்கித் திருத்த வேண்டாம். பள்ளி திறந்த அன்று முதல் பீரியடில் பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் சொல்லட்டும். கேட்டவர் எழுந்து, தான் கேட்டதை வகுப்புக்குச் சொல்ல வேண்டும்.