ஜெயித்தும் மூடிய கடை

கேள்வி: சிறு வியாபாரிகள் எதற்கெடுத்தாலும் 'வம்பு வழக்குப் போட்டே எங்களை ஒழிக்கிறார்கள்' என்று புலம்புகிறார்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? தப்புச் செய்யாதவர் கோர்ட்டில் நிரூபித்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

பதில்: நிரூபிக்கலாம். நிரூபித்துவிட்டுத் திரும்பும்போது கடை இருக்குமா?

கொரியாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் டிரை கிளீனிங் கடை நடத்திவந்தது. 2005 மே மாதம் ஒருவர் அங்கே ஒரு பேன்ட்டை ஆல்டர் செய்யக் கொடுத்தார். கூலி பத்தரை டாலர். பேன்ட் காணாமல் போயிற்று. சில நாள் கழித்துக் கிடைத்துவிட்டது என்று எடுத்து நீட்டினார்கள். 'இது என்னுடையது இல்லை' என்றார் அவர். இதுவரைக்கும் எந்த ஊர்ச் சலவைக் கடையிலும் நடக்கிற கதைதான். ஆனால் இந்த வாடிக்கையாளர் ஒரு நிர்வாக நீதிபதி, அதாவது அரசுத் துறைகளின் முடிவுகள்மீது வரும் தகராறுகளை விசாரிப்பவர்.

முதலில் புது சூட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் கேட்டார். கிடைக்கவில்லை, வழக்குப் போட்டார். பயந்துபோன கடைக்காரர்கள் சமரசத்துக்கு 3,000, பிறகு 4,600, கடைசியில் 12,000 டாலர் வரை ஏறி வந்தார்கள். அவர் அசையவில்லை. 'திருப்திக்கு உத்தரவாதம்' என்று கடையில் போர்டு மாட்டியிருந்தார்கள் அல்லவா? அது நுகர்வோரை ஏமாற்றும் வேலையாம். ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 1,500 டாலர், 12 மீறல், 1,200 நாள், பிரதிவாதிகள் 3 பேர். பெருக்கிப் பாருங்கள். இதோடு மற்ற கோரிக்கைகளையும் சேர்த்து அவர் கேட்டது 6.7 கோடி டாலர். பிறகு பெரிய மனசு பண்ணி 5.4 கோடியாகக் குறைத்துக்கொண்டார்.

2007 ஜூனில் தீர்ப்பு வந்தது. அவருக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. அப்பீலிலும் தோற்றார், நீதிபதி வேலையும் போயிற்று. நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடந்தது, கடைக்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அந்தக் கடையை இழுத்து மூடினார்கள். வக்கீல் செலவு மட்டும் 80,000 டாலருக்கு மேல். விஷயம் உலகப் பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்ததால் நன்கொடை திரண்டு அதை அடைத்தது. செய்தியில் வராத கடைக்காரருக்கு அந்த வழியும் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதர் தானே வாதாடினார். அவருக்கு வக்கீல் ஃபீஸ் கிடையாது. அமெரிக்காவில் பொதுவாக ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் செலவு அவரவருக்கு. வம்பு வழக்கின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. தொடுப்பவர் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிராளி வக்கீலுக்குக் கொட்டப்போகும் பணத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் கேட்டால் போதும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றால் யார்தான் சுமப்பார்கள்? பெரிய கம்பெனியில் நோட்டீஸைப் பிரித்துப் பார்க்கவே தனி இலாகா உண்டு. சின்னக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே கடை சாத்தியபின் பழைய பில்களைத் தேடியெடுத்து வக்கீலுக்கு நகல் போட வேண்டும். வாய்தா நாளில் கடையை யார் பார்ப்பது?

இதையே தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. 2002 வாக்கில் கலிபோர்னியாவில் டிரெவர் லா குரூப் என்ற வக்கீல் கம்பெனி, அரசு இணையதளத்தில் சின்னச் சின்னக் குறைகளுக்காக நோட்டீஸ் வாங்கிய மெக்கானிக் கடைகளின் பட்டியலை எடுத்து, வரிசையாகக் கேஸ் போட்டது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் என்று யாரும் தேவையில்லை, அன்றைய சட்டம் அப்படி. பணம் கொடுத்தால் கேஸ் வாபஸ். விசாரணை வந்ததும் அந்த வக்கீல்கள் 2003-ல் தொழிலை விட்டே விலகினார்கள். மறு வருஷம் மாநில மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திச் சட்டத்தை மாற்றினார்கள்: உண்மையிலேயே பணமோ பொருளோ இழந்தவர்தான் வழக்குப் போடலாம். நல்லதுதான். ஆனால் அந்தப் பிரசாரத்துக்குப் பணம் கொட்டியவர்களில் கார் விற்பனையாளர் சங்கமும் பெரிய கம்பெனிகளும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் நிறுத்தப்பட்டவர் மெக்கானிக், பின்னால் ஒளிந்துகொண்டவர் வேறு. 'தோற்றவரே எல்லாச் செலவையும் கட்டட்டும்' என்ற யோசனையில் எனக்கு முழு நம்பிக்கை வராததும் இதனால்தான். கம்பெனியை எதிர்த்து நியாயமான வழக்கோடு வருகிற ஏழையும் அதைக் கேட்டால் வாசலிலேயே திரும்பிவிடுவார்.

சில சமயம் கோர்ட் வாசலை மிதிக்கவே வேண்டாம். எம்.பி.எச்.ஜே. என்றொரு நிறுவனம். ஸ்கேன் செய்த காகிதத்தை நேரே மின்னஞ்சலில் அனுப்பும் முறைக்குத் தன்னிடம் காப்புரிமை (பேட்டன்ட்) இருப்பதாகச் சொல்லி, 16,465 சிறு வணிகங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அலுவலகத்தில் ஸ்கேனர் வைத்திருந்தால் ஊழியர் ஒருவருக்கு 1,000 முதல் 1,200 டாலர் கட்ட வேண்டுமாம். மசியாதவர்களில் பலருக்கு வக்கீல் நோட்டீஸ், கூடவே தயாராக எழுதிய வழக்கு மனுவும். உண்மையில் வழக்குப் போடும் உத்தேசமே அவர்களுக்கு இல்லை என்றது அமெரிக்க மத்திய வணிக ஆணையம். ஏற்கெனவே பலர் பணம் கட்டிவிட்டார்கள் என்று கடிதத்தில் சொன்னதும் பொய். இதற்குக் கிடைத்த தண்டனை? இனிமேல் இப்படிப் பொய் சொல்லக் கூடாது, சொன்னால் அபராதம். அவ்வளவுதான்.

கோர்ட்டில் அற்பமான மனு போட்டால் கண்டிக்க நீதிபதி இருக்கிறார். கடிதத்தோடு நின்றுகொண்டால் யார் கேட்பது? இந்த ஓட்டையை முதலில் அடைத்தது வெர்மான்ட் என்ற குட்டி மாநிலம். கெட்ட எண்ணத்தோடு காப்புரிமை மிரட்டல் விடுவதற்கு எதிராக 2013-ல் அங்கே சட்டம் வந்தது. கடிதம் வாங்கியவரே அனுப்பியவர்மீது வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் செலவையும் நஷ்டத்தையும் வாங்கலாம், அதற்குமேல் 50,000 டாலரோ மொத்தத்தின் மும்மடங்கோ, எது அதிகமோ அதையும் கோர்ட் விதிக்கலாம். வழக்கு நடக்கும்போதே மிரட்டியவரிடம் இரண்டரை லட்சம் டாலர் வரை பிணைத்தொகை கட்டு என்று சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பிறகு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதுபோன்ற சட்டங்களைக் கொண்டுவந்தன. இப்போது அந்தக் கடிதத்தை அனுப்புகிறவரும் தபால்தலை ஒட்டுமுன் தன் வக்கீலிடம் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.