மலையேற்றி வைக்க ஓர் ஆள்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டைக்காரன் நான். வேலை நிமித்தம் பெங்களூரில் இருக்கிறேன். ஆங்கில மந்திரவித்தை நூல் ஒன்றில் படித்தபடி, ஆறு மாதமாக இரவுதோறும் யாளியின் உருவை என்மேல் ஏற்றிக்கொண்டு, அதன் பிரக்ஞையோடு கலக்கப் பயின்று வருகிறேன். துதிக்கையின் கனத்தை முகத்தில் உணர்கிறேன். சில நாட்களாகத் தூக்கமில்லை. யாளி உண்மையில் இருந்ததா, என் மனம் சமைத்ததா? கூடு விட்டுக் கூடு பாய்தலும் இதுவும் ஒன்றா?

அன்புள்ள தம்பி,

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு நாள் குறித்த அன்று உங்கள் கடிதம் வந்தது. கோமரத்தாடியாக, அதாவது சாமியாடியாக, இருந்த என் பெரியப்பாவையே அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாளி இருந்ததா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஸ்ரீவைகுண்டம் கோயில் தூணில் அதைச் செதுக்கிய சிற்பி அதற்காகத் தூக்கம் கெட்டிருக்கமாட்டார். கூடு விட்டுக் கூடு பாய்தலையும் இதோடு சேர்க்காதீர்கள். பெரியபுராணத்துச் சிவயோகியார் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலுக்குள் புகுந்தது, அவனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயர் பொறுக்காமல். உங்களை எந்தப் பசு அழைத்தது?

நீங்கள் படித்த முறை, 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கத்தார் தெய்வ உருவைத் தம்மேல் ஏற்றிக்கொள்ளப் பயின்ற முறையின் வழிவந்தது. அவர்களிடம் ஐந்துமுனை நட்சத்திரத்தைக் காற்றில் வரைந்து, வேண்டாததை விலக்கி இடத்தைத் தூய்மையாக்கும் சடங்கும் இருந்தது. உங்கள் கடிதத்தில் ஏற்றிக்கொள்வது மட்டுமே இருக்கிறது, இறக்கி வைப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. ஏறிய சாமி ஆளை விட்டு இறங்கிப் போவதை மலையேறுதல் என்போம். பாளையங்கோட்டைக்காரருக்கு அந்தச் சொல்லை நான் சொல்லித்தர வேண்டுமா?

பெரியப்பா கொடைக்கு முன் கவிச்சி தொடமாட்டார், வீட்டில் படுக்கவும் மாட்டார். கணியான் கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி சாமியின் கதையைப் பாடிவர, உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடப் பறைகள் முழங்க, சல்லடம் என்ற அரைக்கால் உடையும் குல்லாயும் கட்டி, வல்லயம் என்ற ஈட்டியைப் பிடித்து நிற்பவரின் கண் மாறும். அவர் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்பும் வரை பெரியம்மை பீடத்தருகே ஒரு செம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பாள். திருநீறு பூசி, சாமி மலையேறியதும் அவர் துவண்டு சரிவார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஏளா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த பிறகே அவள் எழுந்திருப்பாள்.

ஒரு வருஷம் கொடை வரித் தகராறில் இரு தரப்பாரும் மோதிக்கொள்ள, மகுடம் பாதியில் நின்றுபோயிற்று. பெரியப்பா திண்ணையில் சுவரைப் பார்த்தபடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். பெற்ற மகன் கூப்பிட்டும் திரும்பவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் விரல்கள் தொடையில் விடாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தேன். நான்காம் நாள் பெரியம்மை அண்ணாவியின் வீட்டுக்கு நடந்தே போய், விட்ட இடத்திலிருந்து பாடச் சொல்லி அழைத்து வந்தாள். திண்ணைக்கு முன்னால், பார்க்க வேறு ஆளில்லாமல், ஒற்றை மகுடத்தோடு அவர் கதையைப் பாடி முடித்தார். பெரியப்பாவின் விரல்கள் நின்றன. பெரியம்மை செம்பை நீட்டினாள்.

ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வாரின் தலைவி, "கடல்ஞாலம் செய்தேனும் யானே" என்கிறாள். ஆனால் அந்தப் பாட்டைப் பாடுகிறவள் அவள் அல்லள், தாய். கடல்ஞாலத்து ஈசன் வந்து இவள்மேல் ஏறினானோ என்று ஊராரிடம் கலங்கி நிற்கிறாள். பித்தேறியதோ, தெய்வம் ஏறியதோ, அதைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு தாய் இருந்தாள்.

இந்தப் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். தூக்கம் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். யாளியின் துதிக்கை அதில் இருக்கிறது. உங்கள் அறையில் உடன் தங்கியிருப்பவர் யார் என்பது இல்லை. அதை எனக்கு எழுதுங்கள்.