ரங்கூனில் அகலமான சாலையை வயதானவர்கள் பயமில்லாமல் கடக்க என்ன செய்யலாம்?

காளி கோயிலுக்கு வரும் அம்மா அனோரதா சாலையைக் கடக்கவே பயப்படுகிறார், கடக்கும் இடத்தில் வரிக்கோடு (ஜீப்ரா கிராசிங்) மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பெயின்ட் வண்டியை நிறுத்தாது.

முதலில் வேண்டியது நடுத்திட்டு, அதாவது சாலை நடுவே நின்றுபோக ஒரு மேடை. பல தடங்களை ஒரே மூச்சில் கடப்பதுதான் ஆபத்து. நடுவில் நிற்க இடம் இருந்தால், ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். திட்டு சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு, 2 மீட்டராவது அகலம் இருக்கவேண்டும்.

அடுத்தது வேகம். காய்ந்த சாலையில் 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க சுமார் 28 மீட்டர் ஆகும், 30 கி.மீ. என்றால் 13 மீட்டர்தான். கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் ஓட்டுநர் தானாகவே பிரேக்கில் கால் வைப்பார். மழைக்காலத்தில் அங்கே தண்ணீரும் தேங்காது, ஆனால் ஓரத்தில் வடிகால் விடவேண்டும்.

அப்புறம் சிக்னல் நேரம். 12 மீட்டர் அகலச் சாலையை இளைஞர் 10 வினாடியில் கடப்பார். முட்டிவலி உள்ளவருக்கு 15 வினாடியாவது வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 1970-இல் பர்மாவில் போக்குவரத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறியது. ஆனால் வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள ஜப்பான் கார்கள் இன்னும் ஏராளம். முந்துவதற்கு இடப்பக்கம் ஒதுங்கும்போது, முன்னால் போகும் வண்டி, இந்தக் கார் ஓட்டுநருக்குச் சாலையைக் கடப்பவரை மறைத்துவிடும். அதனால் வண்டிகள் நிற்கவேண்டிய கோட்டைச் சில மீட்டர் பின்னுக்குத் தள்ளி, கடக்கும் இடத்தருகே கார் நிறுத்துவதைத் தடுக்கவேண்டும்.

நடை மேம்பாலத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். படியேற முடியாதவர்கள் கீழேதான் கடப்பார்கள்.