1879-ஆ, 1875-ஆ? உளவியலின் முதல் ஆய்வகம்

உளவியலின் முதல் ஆய்வகம் எந்த ஆண்டு தொடங்கியது என்ற கேள்விக்கு ஒரு புத்தகத்தில் 1879, இன்னொன்றில் 1875 என்று இருக்கிறதே, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 1879 என்றே எழுதுங்கள். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கியது. முதல் உளவியல் ஆய்வகம் என்று பொதுவாக ஏற்கப்படுவது அதுதான்.

உங்களிடம் உள்ள இன்னொரு புத்தகத்தில் 1875, வில்லியம் ஜேம்ஸ் என்று இருப்பது அச்சுப்பிழையாக இருக்காது. அந்த ஆண்டு ஜேம்ஸ் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டக் கருவிகளோடு ஓர் அறை வைத்திருந்தார். குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அது பாடம் நடத்தும் இடம். வுண்டின் ஆய்வகத்திலோ மாணவர்களே புதிய சோதனைகள் செய்து முனைவர் பட்டம் வாங்கினார்கள். மாக்ஸ் ஃப்ரீட்ரிஷ் என்ற மாணவர் 1879-80 குளிர்காலத்தில், கண்ணில் பட்டதை மனம் தெளிவாக உணர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மனதின் வேலையைக் கடிகாரம் வைத்து அளக்கத் துணிந்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, எதை எழுதுவது என்று முடிவு செய்யக் கேள்வியை ஒருமுறை திரும்பப் படியுங்கள். 'ஆராய்ச்சி', 'தனித் துறை' போன்ற சொற்கள் இருந்தால் வுண்ட். 'செயல்விளக்கம்' என்று இருந்தால் ஜேம்ஸ்.

ஒன்றில் மட்டும் கவனம். ஆய்வகம் என்று கேட்காமல், மனதை அளக்கும் முயற்சி எப்போது தொடங்கியது என்று கேட்டால் 1879 பொருந்தாது. அதே லைப்சிக்கில் குஸ்டாவ் ஃபெக்னர் என்ற அறிஞர் புலன் உணர்வுகளை அளக்கும் முறைகளை 1860-லேயே நூலாக வெளியிட்டுவிட்டார். அப்புறம், பல்கலைக்கழகம் வுண்டின் ஆய்வகத்தை முறையாக அங்கீகரித்தது 1883-இல். அந்த ஆண்டையும் எங்காவது பார்த்தால் குழம்ப வேண்டாம்.