குருவி தலையில் பனங்காய்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: மூன்று பேர் பார்த்துவந்த வேலை முழுவதையும் என் ஒருத்தி தலையில் கட்டிவிட்டார்கள். குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். இதை மேலாளருக்கு ஆங்கிலத்தில் தெரிவிக்க, ‘திஸ் வொர்க் இஸ் எ ஒயிட் எலிஃபென்ட்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். உடன் வேலை செய்யும் தோழி, ‘அது தப்பு, லாஸ்ட் ஸ்ட்ரா என்று போடு’ என்கிறாள். எதை அனுப்புவது?
– ஒரு வாசகி

பதில்: நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை. இரண்டுமே உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது.

‘ஒயிட் எலிஃபென்ட்’ என்பது நம் ஊர்ப் பேச்சில் யானையைக் கட்டித் தீனி போடுவது. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் தமக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார் என்று ஒரு கதை சொல்வார்கள். புனித விலங்கு, வேலை வாங்க முடியாது. மன்னர் கொடுத்தது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தீனி போட்டுப் போட்டே பிரபு ஓட்டாண்டியாகிவிடுவார். செலவை விழுங்கிக்கொண்டு பயன் தராமல் நிற்கும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும்தான் இந்தத் தொடர். உங்கள் வேலையை அப்படிச் சொன்னால், ‘இதனால் நிறுவனத்துக்கு ஒரு பயனும் இல்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

‘லாஸ்ட் ஸ்ட்ரா’வுக்கு நம்மிடம் குறளே இருக்கிறது: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’ (475). மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். ஆங்கிலத்தில், கடைசியாக வைத்த வைக்கோல் ஒட்டகத்தின் முதுகை முறித்துவிடும். அதன் பழைய வடிவம் ஒன்றில் இறகும் குதிரையும் வரும். அங்கேயும் இறகு வந்து விழுந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குறள் மொத்தச் சுமையைப் பேசுகிறது. ஆங்கிலத் தொடர் கடைசியாக வைத்த அந்த ஒற்றை வைக்கோலைப் பேசுகிறது. ஏற்கெனவே நொந்துபோயிருப்பவரைப் பொறுமை இழக்கவைக்கும் சின்ன விஷயம் அது. மேலாளருக்கு அப்படி எழுதினால், நீங்கள் வேலையை விடப்போகிறீர்கள் என்றுகூட அவர் நினைத்துக்கொள்ளலாம்.

‘மில்ஸ்டோன்’ என்று யாராவது சொல்லித் தரக்கூடும். மாவரைக்கும் பெரிய கல்லைக் கழுத்தில் கட்டுவதாக மத்தேயு நற்செய்தியில் வருகிறது. தீராத கடனுக்குப் பொருந்தும், உங்களுக்கு வேண்டாம்.

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது ‘டூ’ (too) என்ற சின்னச் சொல்லைத்தான். தமிழில் ‘ரொம்ப கனம்’ என்றால் கனமாக இருக்கிறது என்றும் கொள்ளலாம், தூக்கவே முடியாது என்றும் கொள்ளலாம். சொல்லும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள். ‘வெரி ஹெவி’ என்றால் கனம், அவ்வளவுதான். தூக்கிவிடுவீர்கள் என்று படிப்பவர் நினைப்பார். ‘டூ ஹெவி’ என்றால் என் அளவுக்கு மிஞ்சியது. நம்மில் பலர் முடியாததைச் சொல்ல ‘வெரி’ போடுகிறோம், அப்புறம் யாரும் நம் கஷ்டத்தைக் கண்டுகொள்ளவில்லையே என்று வருந்துகிறோம்.

ஆகவே ‘திஸ் இஸ் டூ மச் ஃபார் ஒன் பெர்சன்’ என்று எழுதுங்கள். குருவியும் பனங்காயும் அதிலேயே வந்துவிட்டன. ‘ஃபார் ஒன் பெர்சன்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெறும் அலுப்பாகத் தெரியும். இருந்தால் கணக்காகத் தெரியும். அதற்குக் கீழே, மூன்று பேர் செய்த வேலைகள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி, எதை முதலில் முடிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.