ஆண்டிப்பட்டி தொகுதி: கேள்விகளும் பதில்களும்

சின்னமனூர் வாசகர்: ஐயா, ஆண்டிப்பட்டிக்கு 'வி.ஐ.பி. தொகுதி' என்ற பெயர் எம்.ஜி.ஆர். வந்த பிறகுதானே வந்தது?

அதற்கும் முன்பே ஒரு நட்சத்திரம் வந்துவிட்டார். 1962இல் தேனியில் தி.மு.க. சார்பில் வென்று சட்டமன்றம் போன எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1980இல் அ.தி.மு.க. வேட்பாளராக ஆண்டிப்பட்டியில் வென்றார். ஆனால் நாடே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது 1984இல்தான். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு என்று தொகுதி மாறி வந்த எம்.ஜி.ஆர். கடைசியாகத் தேர்ந்தெடுத்தது ஆண்டிப்பட்டியை.

கல்லூரி மாணவி: அவர் பிரச்சாரத்துக்கே வரவில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அம்மா. அப்போது அவர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். அவர் தேறிவருவதைக் காட்டும் படக்காட்சியை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். காங்கிரஸ் கூட்டணிக் கட்சி. அனுதாபம் இரு பக்கமிருந்தும் சேர்ந்தது. வேட்பாளர் தொகுதிக்குள் கால்வைக்காமலேயே 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். நன்றிக்கடன் என்று அதைச் சொல்வோர் உண்டு. என்னைக் கேட்டால், தங்கள் குறைகளை யாரிடம் சொல்வது என்று மக்கள் அன்று யோசிக்கவே இல்லை.

மதுரை வாசகர்: அப்படியானால் 1989இல் ஜானகி அம்மையார் ஏன் தோற்றார்? கணவரின் தொகுதிதானே?

கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. எம்.ஜி.ஆருக்கு ஓட்டுப் போட்டவர்கள் தேடிய சின்னமே வாக்குச்சீட்டில் இல்லை! அ.தி.மு.க. வாக்குகள் சிதற, தி.மு.க.வின் ஆசையன் வென்றார். அதே தேர்தலில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா ஜெயித்தார். வாரிசு யார் என்ற வழக்குக்குத் தீர்ப்பு இந்த வட்டாரத்திலேயே கிடைத்துவிட்டது.

சட்டம் படிக்கும் வாசகர்: 2001–02 குழப்பத்தைக் கொஞ்சம் விளக்குங்கள். எனக்கு எப்போதும் தேதிகள் குழம்புகின்றன.

வரிசையாகச் சொல்கிறேன். 2001 ஏப்ரலில் ஜெயலலிதா ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கிலும் மனு செய்தார். டான்சி வழக்கில் (அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கு) பெற்ற தண்டனையும், இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனு செய்ததும் காரணமாகி நான்கும் தள்ளுபடி. ஆண்டிப்பட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் நின்று வென்றார். கட்சி பெரும்பான்மை பெற, ஜெயலலிதா உறுப்பினராக இல்லாமலேயே மே மாதம் முதல்வரானார்.

உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்க அரசியல் சட்டத்தின் 164(4) இடம் தருகிறது. ஆனால் போட்டியிடவே தகுதியற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் சொல்லிவிட்டது. பெரியகுளம் உறுப்பினர் ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகி இடம் கொடுக்க, 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் 41 ஆயிரம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசம். மார்ச் 2இல் மீண்டும் முதல்வர். தமிழ்ச்செல்வனுக்கு மாநிலங்களவை கிடைத்தது. ஆண்டிப்பட்டி வாக்காளருக்கு ஓராண்டுக்குள் இரண்டாம் முறையாக விரலில் மை.

2006இலும் ஜெயலலிதா இங்கேயே வென்றார், ஆட்சிதான் போய்விட்டது. 2011இல் ஸ்ரீரங்கம் போய்விட்டார்.

வருசநாடு வாசகர்: முதல்வர் தொகுதி என்ற பெருமையால் எங்களுக்கு என்ன லாபம்?

நியாயமான கோபம். வைகை அணை 1959 முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் தண்ணீர் பாயும் வயல்கள் கீழே மதுரைப் பக்கம். முதல்வர் உறுப்பினராக இருந்தால் கோப்பு வேகமாக நகரும், அதிகாரிகள் பயப்படுவார்கள். ஆனால் ரேஷன் கடைப் பிரச்சினைக்கு முதல்வரைப் பார்க்க முடியுமா? உள்ளூர்க் கட்சிக்காரர்தான் நிஜமான உறுப்பினர்.

தேனி வாசகி: 2019இல் அண்ணன் தம்பி மோதினார்களே?

ஆம். அ.தி.மு.க.வில் தனி அணியாகப் பிரிந்த டி.டி.வி. தினகரனை ஆதரித்த சட்டமன்ற உறுப்பினர்கள் 18 பேரைப் பேரவைத் தலைவர் தனபால் 2017இல் தகுதி நீக்கம் செய்தார். அப்போது மீண்டும் ஆண்டிப்பட்டி உறுப்பினராக இருந்த தங்க தமிழ்ச்செல்வன் அவர்களில் ஒருவர். அதனால் வந்த இடைத்தேர்தலில் தி.மு.க. மகாராஜன், தம்பியான அ.தி.மு.க. லோகிராஜனை வென்றார். 2021இலும் இதே ஜோடி, இதே முடிவு.

குடும்பச் சண்டை என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு வேறொன்று வியப்பு. 2019இல் இடைத்தேர்தலும் மக்களவைத் தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. மக்களவைக்குத் தேனியில் அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் வென்றார்; தமிழகத்தில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. சட்டமன்றத்துக்கோ ஆண்டிப்பட்டியும் பெரியகுளமும் தி.மு.க.வுக்கு.

அதே வாசகி: தேனிக்கென்று தனிச் சட்டமன்றத் தொகுதி இப்போது ஏன் இல்லை?

2008 தொகுதி மறுவரையறையில் நீக்கப்பட்டது. மாவட்டத்தில் இப்போது ஆண்டிப்பட்டி, பெரியகுளம் (தனி), போடிநாயக்கனூர், கம்பம் என நான்குதான். மாவட்டத் தலைநகரின் பெயரில் மக்களவைத் தொகுதி மட்டும் உண்டு.